ஸ்டெல்லா சொன்னதில் பாதி

மேடையில் எங்கே நிற்பது, குரலைக் கடைசி வரிசைவரை எப்படிக் கொண்டுபோவது, விளக்கை எப்போது குறைப்பது என்பதையெல்லாம் இப்போது குழுவை நடத்துகிற வனிதா உங்களுக்குச் சொல்லித் தருவாள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவாள். முப்பது வருஷத்துக்கு மேல் காஞ்சிபுரத்தில் நாடகம் போட்டுவிட்டு, முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வித்தைகளில் பாதி மறந்தே போயிற்று. மறக்காமல் இருப்பது நான் செய்த தப்புகள்தான்.

ராஜா வேஷக்காரரைக் கைக்கடிகாரத்தோடு மேடைக்கு அனுப்பியிருக்கிறேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு வழியாக ஒரு மாப்பிள்ளையை வரச் சொன்னதில், அவர் ஐந்து நிமிஷம் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். இதெல்லாம் ஜனங்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுகிற தப்பு. குழுவுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எட்டுப் பேருக்கும் என் அனுபவம் ஒன்றை எழுதித் தருகிறேன் என்றதும் வனிதா, “சின்னதா எதுனா எழுதி ஒப்பேத்தாதீங்கக்கா. அதை எழுதுங்க” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

‘மருந்து வேளை’ நாடகம் இன்று உங்கள் கைக்கு வந்திருக்கிற மாதிரி முதலில் இல்லை. நம் குழுவுக்கு அப்போது எழுதிக்கொண்டிருந்த சேகர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். அழவைக்கிற வசனம் எழுதுவதில் கெட்டிக்காரர். சிறுநீரக நோய் வந்த மகள், அவளைப் பார்த்துக்கொள்கிற அம்மா, இதுதான் கதை. அம்மா கோயில் வாசலில் விழுந்து புரண்டு அழுவாள். கடைசியில் தன் சிறுநீரகத்தையே கொடுத்துவிட்டு உயிரை விடுவாள். அம்மாவாக நடித்தது வனிதா. அவள் அழுதால் கல்லும் கரையும். ஆனால் ஒத்திகையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கிற யாராவது வந்து ஒரு தடவை பார்த்தால் நல்லது என்றேன்.

வனிதாவுக்குப் பேருந்து நிலையம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பிரதி எடுக்க மாதா மாதம் வருகிற ஒரு அம்மாவை அவளுக்குத் தெரியும். மாகறலில் இருக்கிற ஸ்டெல்லா. மகள் ஜெனிக்கு அப்போது பதினொரு வயது. நாலு வயதிலிருந்து அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒத்திகை பார்க்கிற பள்ளிக்கூடத்து ஹாலுக்கு ஸ்டெல்லா வந்தாள். கையில் ஒரு பெரிய பை. அதில் நாலைந்து பட்டுப் புடவைகள். புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருவதுதான் அவள் தொழில். சுவரோரம் உட்கார்ந்து, மடியில் புடவையைப் போட்டுக்கொண்டு, விரல் பாட்டுக்கு முடிச்சுப் போட, கண் மேடையில் இருந்தது.

வனிதா கோயில் காட்சியில் புரண்டு அழுதாள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

சத்தமாகச் சிரிக்கவில்லை. வாயைப் புடவையால் மூடிக்கொண்டாள். ஆனாலும் கேட்டுவிட்டது. சேகர் முகம் சிவந்துபோனது. நான் ஒத்திகையை நிறுத்திவிட்டு அவளிடம் போனேன்.

“ஏம்மா சிரிச்சே? தப்பா இருந்தா சொல்லு, அதுக்குத்தான கூப்பிட்டோம்.”

“மன்னிச்சுக்கோங்கக்கா. அந்த அம்மா ரொம்ப நேரமா அழுதுக்கினு இருக்காங்க. அவ்ளோ நேரம் யாருக்கு இருக்குது?”

அவளே தொடர்ந்தாள். “எங்க பொண்ணுக்கு வந்திருக்கிறது கிட்னியைக் குடுத்துட்டு செத்துப்போற வியாதி இல்லக்கா. திரும்பத் திரும்ப வர்ற வியாதி. நான் செத்துட்டா மாத்திரை யாரு குடுக்கிறது?”

அன்று இரண்டு மணி நேரம் அவள் பேசினாள், சேகர் எழுதிக்கொண்டார். நோய் திரும்பினால் முதலில் கண் இமைதான் வீங்கும். அதனால் காலையில் மகள் எழுந்திருக்கும் முன்பே அவள் இமையைக் குனிந்து பார்ப்பாள். பிறகு சிறுநீரில் புரதம் போகிறதா என்று காட்டுகிற ஒரு சின்னப் பட்டையைத் தோய்த்து எடுப்பாள். மஞ்சளாகவே இருந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம். பச்சையாக மாறினால் நோட்டில் எழுதி வைத்து, மறுநாளும் பார்ப்பாள். மூன்று நாள் பச்சையென்றால் ஆஸ்பத்திரி. மாத்திரை தொடங்கினால் ஜெனியின் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிடும், பசி தாங்காது, சாப்பிட்ட அரை மணியில் மறுபடி தட்டோடு வந்து நிற்பாள். உப்பு ஆகாது. ஒரு வீட்டில் இரண்டு குழம்பு வைத்தால் அவள் இன்னொரு சட்டியை எட்டிப் பார்க்கிறாள் என்று வீட்டுக்கே உப்பில்லாத குழம்புதான். “அவங்க அப்பா வேன் ஓட்டறாரு. வெளியில சாப்ட்டுட்டு வந்து, பசிக்கலன்னு சொல்லிடுவாரு. எனக்குத் தெரியும், நானும் கேக்கறது இல்ல.”

சேகரைப் பாராட்ட வேண்டும். ஒரே வாரத்தில் கோயில் காட்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு நாடகத்தைப் புதிதாக எழுதினார். ஸ்டெல்லா அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். வனிதாவுக்கு இமையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். “அப்படி ஒக்காந்து பார்க்காதீங்க, பயந்துக்கும். போர்வையை இழுத்துவிடற மாதிரி போயி பாருங்க.” நாடகத்துக்கு உயிர் வந்துகொண்டிருந்தது.

இனிமேல் வருவதுதான் நான் செய்தது.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஸ்டெல்லாவை பஸ் ஏற்றிவிட நானும் கூட நடந்து போனேன். உத்திரமேரூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒன்னு சொல்றேன். வீட்ல யாருக்கும் சொன்னது இல்ல. போன வாரம் பட்டை பச்சையாயிடுச்சு. இந்த வருஷத்துல மூணாவது தடவை. அவ போயி திரும்பப் படுத்துட்டா. நான் அதைக் கையில வெச்சுக்கினு அவளையே பாத்துக்கினு நின்னேன். இவ எனக்குப் பொறக்காமயே இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்தா தொரத்திடுவாங்க இல்ல? நான் தொரத்தல. நெனச்சுப் பார்த்தேன்.”

பஸ் வந்துவிட்டது. “வரேன்க்கா” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நான் வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக அந்த வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் எழுதினேன். மறுநாள் சேகரிடம் கொடுத்தேன். மகள் கட்டிலில் தூங்குகிற காட்சியில், அரிசி களைந்துகொண்டிருக்கிற அம்மா நிமிர்ந்து ஜனங்களைப் பார்த்து இதைச் சொல்கிற மாதிரி வைத்தோம். யார் சொன்னது என்று சேகருக்கு மட்டும் சொன்னேன். ஸ்டெல்லாவிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. பேர் போடவில்லையே, ஊர் போடவில்லையே, எந்த அம்மாவுக்கும் வரக்கூடிய நினைப்புதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து ஜெனியைச் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஸ்டெல்லா ஒத்திகைக்கு வரவில்லை. எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

முதல் நிகழ்ச்சி தென்னேரியில், பள்ளிக்கூட மைதானத்தில். வனிதா அந்த வரியைச் சொன்னபோது முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாடகம் முடிந்து நாலைந்து பேர் வந்து வனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓரமாக நின்று அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஏதோ நானே பெற்ற வரி மாதிரி.

இரண்டாவது நிகழ்ச்சி காஞ்சிபுரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு. மூன்றரைக்குப் படுதா இடுக்கு வழியாகப் பார்த்த வனிதா, “அக்கா, ஸ்டெல்லாக்கா வந்திருக்காங்க! பொண்ணையும் கூட்டிக்கினு வந்திருக்காங்க. கடையில நோட்டீஸ் குடுத்தேன், வருவாங்கன்னு நெனைக்கல” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் போய்ப் பார்த்தேன். முதல் வரிசை. மஞ்சள் பாவாடை சட்டையில் வட்ட முகத்தோடு ஒரு பெண். பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வரைக்கும் கேட்டது. “இது எங்க அம்மா சொல்லிக் குடுத்த கதை ஆன்ட்டி. எனக்கு வந்த வியாதிதான். நான்தான் அந்தப் பொண்ணு.”

பேர் போடவில்லை என்ற என் சமாதானம் அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போனது. ஆயிரம் பேருக்குத் தெரியாவிட்டால் என்ன? தெரியக்கூடாத ஒருத்தி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒப்பனை அறையில் சேகரிடமும் வனிதாவிடமும், “அந்த வரியை இன்னிக்கு எடுத்துடணும்” என்றேன்.

சேகர் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த வரி இல்லன்னா நாடகமே இல்லக்கா. அதுவரைக்கும் எல்லாம் அதுக்குத்தானே ஏறிக்கினு வருது? அந்தப் பொண்ணு சின்னது. கதைன்னு நெனச்சுக்கும்.”

“நான்தான் அந்தப் பொண்ணுன்னு சொல்லிக்கினு ஒக்காந்திருக்கா சேகர்.”

வனிதா பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் கையை இறக்கினாள். “இருங்க. அது ஸ்டெல்லாக்கா சொன்னதா? நீங்க எழுதினதுன்னு இல்ல நான் நெனச்சுக்கினு இருந்தேன்?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. தென்னேரியில் அத்தனை பேர் கையைப் பிடித்தபோது தன்னுடையது என்று நினைத்து வாங்கிக்கொண்டவள் அவளும்தானே.

“சரி, எடுத்துடலாம்” என்றாள் வனிதா. “சேகரண்ணா, நான்தான சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “சொல்லாம எடுக்கறதா, அவங்ககிட்ட சொல்லிட்டு எடுக்கறதா?” என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்பதுதான் என் மனதில் இருந்தது. வரி போய்விட்டால் நான் ஸ்டெல்லாவிடமிருந்து எடுத்ததும் யாருக்கும் தெரியாது. நாடகம் ஆரம்பிக்கப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. ஆனால் தென்னேரியில் சொன்னதை யாரால் திருப்பி எடுக்க முடியும்? எவர் வாயிலிருந்தோ அது ஸ்டெல்லாவின் காதுக்குப் போகட்டும் என்று விடுவதா?

நான் போய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் கை கழுவுகிற குழாய் வரிசை இருந்தது. அங்கே நிற்க வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நீ சொன்னதை நாடகத்தில் சேர்த்துவிட்டேன், உன்னிடம் கேட்கவில்லை, தென்னேரியில் சொல்லியாகிவிட்டது, இன்றைக்கு வராது.

அவள் சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயை இறுக்கி மூடினாள்.

“தென்னேரியிலயா?”

“ஆமாம்.”

“எங்க பெரிய நாத்தனார் அங்கதான் இருக்குது.”

“எனக்குத் தெரியாதும்மா.”

“தெரிஞ்சிருந்தா?”

“இன்னிக்கு வராதுன்னு நிச்சயமா சொல்றீங்களா?” என்று அவளே அடுத்துக் கேட்டாள். வராது என்றேன். “அவ ஒரு வாரமா சொல்லிக்கினு இருக்கா. இப்ப கூட்டிக்கினு போனா ஏன்னு கேப்பா” என்று சொல்லிவிட்டுப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வனிதா மேடையேறும் முன், “அந்த எடத்துல நான் என்னா பண்றது?” என்றாள். “ஒண்ணும் பண்ணாதே. அரிசியைக் களைஞ்சுக்கினு இரு” என்றேன்.

அவள் அரிசி களைந்தாள். வரி இருந்திருந்தால் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் களைந்தாள். அந்த மௌனம் வார்த்தையைவிடப் பெரிதாகப் பேசியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாருடைய போனோ அடித்தது. பின்னால் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். நாடகம் சுமாராகத்தான் போயிற்று. சேகர் என்னிடம் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஜெனி மட்டும் எழுந்து நின்று கை தட்டினாள். ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்து, எங்களைப் பார்க்காமல் அழைத்துப் போனாள்.

பத்து நாள் கழித்து நான் மாகறலுக்குப் போனேன். ஜெனி பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஸ்டெல்லா ஜன்னலோரம் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

“தப்பு பண்ணிட்டேன் ஸ்டெல்லா.”

“ஆமாங்க்கா.”

ஒரு முந்தானை முழுவதும் கட்டி முடித்தாள். நூலை வெட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“நாத்தனார் போன் பண்ணுச்சு. நாடகத்துல ஒரு அம்மா இப்படிச் சொன்னா, நீயும் எப்பனா அப்படி நெனச்சிருக்கியான்னு கேட்டுச்சு. இல்லன்னு பொய் சொன்னேன். அந்தக் கோவம் கூட போயிடுச்சு. வேற கோவம் ஒன்னு இருக்குது. சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“நெனச்சுப் பார்த்தேன்னு சொன்னேன் இல்ல? என்னா நெனச்சுப் பார்த்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே. பஸ்ஸு வந்துடுச்சு, சரி. அதுக்கு அப்புறம் ரெண்டு தடவை போன்ல பேசினீங்க. அப்பவும் கேக்கல. பாதியை எடுத்துக்கினு போயிட்டீங்க.”

நான் அப்போது கேட்டேன். அவள் அடுத்த புடவையை மடியில் விரித்துக்கொண்டே சொன்னாள்.

“சரி, இவ இல்ல. காலையில எழுந்திரிக்கிறேன். யாரு கண்ணையும் பார்க்க வேணாம். பட்டையும் இல்ல, நோட்டும் இல்ல. அடுப்பைப் பத்த வெக்கிறேன். குழம்புல உப்பு போடறேன். போட்டுட்டு திரும்பறேன். அதுக்கு மேல என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியலக்கா. அங்கயே நின்னுடுச்சு. எவ்ளோ யோசிச்சும் வரல. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுக்குள்ள இவ எழுந்து வந்து பசிக்குதுன்னா.”

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அடுத்தவர் வாழ்க்கையிலிருந்து எடுக்காமல் நம்மால் நாடகம் போட முடியாது. எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டு எடுங்கள். முழுசாகக் கேட்டு எடுங்கள். மண்டபத்தை உலுக்குகிற பாதி நம் காதில் உடனே விழுந்துவிடும். மீதியைச் சொல்ல அவர்களுக்கு இன்னொரு நாள் வேண்டியிருக்கும். அந்த இன்னொரு நாள் நான் போயிருக்க வேண்டும்.

அன்று நான் மாகறலிலிருந்து கிளம்பும்போது ஸ்டெல்லா ஒன்று சொன்னாள். “இதை ஜெனிகிட்ட நான்தான் சொல்லணும். எப்ப சொல்லணும்னு எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அந்தப் பேச்சு மேடையில வரக்கூடாது.” சரி என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வரி இல்லாமலேதான் போட்டோம். ஏழெட்டு ஊரில் போட்டோம். எங்கேயும் யாரும் வந்து வனிதாவின் கையைப் பிடிக்கவில்லை. சேகர் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார்.

பிறகு ஒரு நாள் காலையில் ஸ்டெல்லாவே போன் செய்தாள். “சொல்லிட்டேன்க்கா.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

“என்னா சொன்னா?”

“‘நானும்தான் நெனச்சிருக்கேன், எதிர்வீட்டு அத்தை எனக்கு அம்மாவா இருந்தா குழம்புல உப்பாவது போடுவாங்கன்னு’ அப்படின்னுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கினு கெடந்தோம். நாடகத்துல சேர்க்கணும்னா அவளையே கேளுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

போன் கை மாறியது. ஜெனிக்கு அப்போது பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. நான் இந்தத் தடவை நிதானமாகக் கேட்டேன். சேர்க்கலாமா, வேண்டாமா, யோசித்துப் பிறகு சொன்னாலும் போதும் என்றேன்.

“சேர்த்துக்கோங்க ஆன்ட்டி. உப்பு போட்டுட்டு நிக்கிறது வரைக்கும் முழுசா சேர்த்துக்கோங்க. ஆனா அந்த ஆன்ட்டி அதைச் சொல்லும்போது அந்தப் பொண்ணு தூங்கிக்கினு இருக்கக் கூடாது. முழிச்சுக்கினு இருக்கணும். அவகிட்டதான் சொல்லணும்.”

வனிதாவிடம் சொன்னதும் அவள் பயந்துபோனாள். ஜனங்களைப் பார்த்துச் சொல்வது சுலபம். கட்டிலில் ஒரு முகம் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்வது அப்படி இல்லை. முதல் ஒத்திகையில் அவளால் பாதிக்கு மேல் போக முடியவில்லை. மூன்றாவது தடவைதான் உப்புவரை வந்தாள்.

அடுத்த மாதம் உங்களில் ஒருத்தி அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறாள். யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்று வனிதா சொன்னாள். யாராக இருந்தாலும் சரி, வனிதா அதைச் சொல்கிறபோது கண்ணைத் தாழ்த்தாதே. அழாதே. அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிரு. வேறு எதுவும் நடிக்க வேண்டாம்.